ஏரி மாதிரியில் 24 உள்ளீடுகள்: எது முக்கியம் என்று எப்படிச் சொல்வது?

பாலக்கோடு பக்கத்து ஏரி ஒன்றுக்கு மழை, வரத்து, கசிவு, ஆவியாதல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கணினி மாதிரி செய்திருக்கிறீர்கள். உள்ளீடுகள் 24. உங்கள் லேப்டாப்பில் மாதிரியை ஒருமுறை ஓட்ட, அதாவது ஒரு ரன்னுக்கு, 4 நிமிடம். ஒவ்வொரு உள்ளீட்டையும் தனித்தனியாக 10 சதவீதம் கூட்டியும் குறைத்தும் பார்த்து, ஏரிக்கு வரும் நீர் எவ்வளவு மாறுகிறது என்று ஒரு வரிசை போட்டீர்கள். தொடக்க மதிப்புகளைக் கொஞ்சம் மாற்றி மறுபடி செய்தால் வரிசை தலைகீழாகிவிட்டது. எந்த வரிசையை நம்புவது, இதற்குப் புள்ளியியலில் ஒழுங்கான முறை இருக்கிறதா, மற்ற ஏரிகளுக்கும் இந்த வரிசை பொருந்துமா என்று உங்கள் வழிகாட்டி கேட்கிறார். இதுதான் நீங்கள் எழுதியது. இதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. கைவசம் இருக்கும் சில மாதங்களில் எந்த உள்ளீட்டைக் களத்தில் போய் அளக்க வேண்டும், எதைப் புத்தக மதிப்போடு விட்டுவிடலாம் என்பதுதான் அது. பதிலை அதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

நான் ஓசூரில் வண்டி உதிரிபாகங்களுக்கான சிமுலேஷன் வேலையில் 18 வருடமாக இருக்கிறேன். நீரியல் என் துறை இல்லை. ஆனால் உங்கள் சிக்கல் நீரியல் சிக்கலும் இல்லை. நிறைய உள்ளீடு உள்ள எந்தக் கணினி மாதிரியிலும் வருவதுதான். சென்சிடிவிட்டி அனாலிசிஸ், தமிழில் உணர்திறன் பகுப்பாய்வு, என்று இதற்குப் பெயர்.

முதலில், வரிசை ஏன் புரண்டது என்று பார்ப்போம். உங்கள் மாதிரியில் மழையிலிருந்து ஓடுநீரைக் கணக்கிட, நிலம் எவ்வளவு மழையை ஓடவிடும் என்பதை 100 வரையிலான ஒரே எண்ணாகச் சொல்லும் கர்வ் நம்பர் முறை இருப்பதாகச் சொன்னீர்கள். அந்தச் சூத்திரத்தைக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். கர்வ் நம்பர் 75 என்றால் முதல் 17 மில்லிமீட்டர் மழை வரை ஒரு சொட்டும் ஓடாது, மண்ணும் பள்ளங்களும் பிடித்துக்கொள்ளும். ஆகவே 15 மில்லிமீட்டர் மழை பெய்த நாளை எடுத்துக்கொண்டு கர்வ் நம்பரை 10 சதவீதம் கூட்டினால் ஓடுநீர் பூஜ்ஜியத்திலிருந்து 0.3 மில்லிமீட்டர் ஆகிறது, அவ்வளவுதான். கர்வ் நம்பர் ஒன்றும் பெரிய விஷயம் இல்லை என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அதே கர்வ் நம்பரை 50 மில்லிமீட்டர் மழை நாளில் 10 சதவீதம் கூட்டுங்கள். ஓடுநீர் 9.3 மில்லிமீட்டரிலிருந்து 16.5 ஆகிறது, முக்கால் பங்குக்கு மேல் கூடுதல். இப்போது அதுதான் பட்டியலில் முதலிடம். கணக்கில் தப்பு எதுவும் இல்லை. கர்வ் நம்பரின் செல்வாக்கு மழையின் அளவைப் பொறுத்தே இருக்கிறது. இப்படி ஒன்றின் விளைவு இன்னொன்றின் மதிப்பைப் பொறுத்து மாறுவதை இடைவினை என்கிறோம். ஒவ்வொன்றாக மாற்றும் முறை ஒரே ஒரு புள்ளியில் நின்றுகொண்டு சுற்றிப் பார்ப்பது. நின்ற இடம் மாறினால் காட்சியும் மாறத்தான் செய்யும்.

நீங்கள் பார்க்காமல் விட்ட இடம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு வடிவக் கணக்கு உண்டு. உள்ளீடுகளின் எல்லைகள் சேர்ந்து ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து ஒவ்வொன்றாக நகர்த்தினால் நீங்கள் தொடும் எல்லாப் புள்ளிகளும் அந்தப் பெட்டிக்குள் அடங்கும் உருண்டையைத் தாண்டிப் போகாது. 2 உள்ளீடு என்றால் அந்த வட்டம் சதுரத்தில் 78 சதவீதம், பரவாயில்லை. 10 உள்ளீடு என்றால் உருண்டை பெட்டியில் கால் சதவீதம். உங்கள் 24 உள்ளீடுகளுக்குப் போட்டால் ஏறக்குறைய ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான் வருகிறது. மூலைகள் எல்லாம் இருட்டில் கிடக்கின்றன. வறண்ட வருடமும் கெட்டி மண்ணும் தூர்ந்த கால்வாயும் ஒன்றாகச் சேரும் நிலைகள் அந்த மூலைகளில்தான் இருக்கின்றன.

சரி, முறைகளுக்கு வருவதற்கு முன் எல்லைகளைப் பற்றிப் பேசியாக வேண்டும். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். முக்கியத்துவம் என்பது உள்ளீட்டுக்குள் ஒட்டியிருக்கும் குணம் இல்லை. அந்த உள்ளீட்டுக்கு நீங்கள் கொடுத்த எல்லையும், மாதிரி அதை நடத்தும் விதமும், நீங்கள் எந்த வெளியீட்டைக் கேட்டீர்கள் என்பதும் சேர்ந்துதான் அது. எல்லாவற்றுக்கும் ஒரே 10 சதவீதம் என்பது பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் கர்வ் நம்பர் 100-ஐத் தாண்ட முடியாது. பாறையும் கட்டடமுமான ஒரு துண்டு நிலத்துக்கு 95 என்று வைத்திருந்தால் 10 சதவீதம் கூட்டும்போது 104.5 என்று இல்லாத மதிப்பு வரும். இன்னொரு பக்கம், ஏரித் தரையின் கசிவு வீதம் நாம் நினைத்ததைவிட ஐந்து மடங்கு கூடவோ குறையவோ இருக்கலாம். அதற்கும் அதே 10 சதவீதமா?

இதே தப்பை நாங்கள் செய்திருக்கிறோம். பிரேக் டிஸ்க் எவ்வளவு சூடாகும் என்று கணக்கிடும் மாதிரி, 14 உள்ளீடுகள். எல்லாவற்றுக்கும் 10 சதவீதம் கொடுத்தோம். டிஸ்கின் தடிமன் முதலிடத்தில் வந்தது. இரண்டு மாதம் தடிமனின் டாலரன்ஸை, அதாவது அனுமதிக்கும் அளவு வேறுபாட்டை, இறுக்குவதிலேயே போனது. உண்மையில் மெஷினிங் முடிந்து வரும் டிஸ்கில் தடிமன் ஒரு சதவீதம்கூட மாறாது. காற்று வெப்பத்தை எடுத்துச் செல்லும் குணகமோ 40 சதவீதம் அப்படி இப்படி இருக்கலாம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதற்கும் 10 சதவீதம்தான் கொடுத்திருந்தோம், ஆகவே பட்டியலில் கீழே கிடந்தது. சோதனை ஓட்டத்தில் டிஸ்க் நாங்கள் கணக்கிட்டதைவிட நிறையச் சூடானது. பிறகு நியாயமான எல்லைகளோடு மறுபடி செய்தபோது காற்றுக் குணகம் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு மேலே வந்தது. மாதிரியில் ஒரு வரிகூட மாறவில்லை, எல்லைகள் மட்டும்தான் மாறின.

ஆகவே 24 உள்ளீட்டுக்கும் தனித்தனியாக உட்கார்ந்து, எவ்வளவு குறைவாக இருக்க முடியும், எவ்வளவு கூடுதலாக இருக்க முடியும் என்று எழுதுங்கள். பாதிக்குப் புத்தகங்கள் போதும். மீதிக்கு ஏரிக்குப் போக வேண்டும். மதகு திறந்து மூடும் பெரியவர் யாராவது இருப்பார். ஏரி நிரம்பிக் கோடி போன பிறகு மதகை மூடியே வைத்திருந்த வருடத்தில் தண்ணீர் மதகு மட்டத்துக்கு இறங்க எத்தனை நாள் ஆனது என்று அவரிடம் கேளுங்கள். மேற்கொண்டு மழை பெய்யாத காலமாக இருந்தால் அந்த ஒரு பதில் கசிவும் ஆவியாதலும் சேர்ந்த அளவுக்கு நல்ல எல்லையைக் கொடுத்துவிடும். வண்டல் எத்தனை அடி படிந்திருக்கிறது, கடைசியாக எப்போது மண் எடுத்தார்கள் என்பதையும் கேளுங்கள். உங்கள் மாதிரியில் இருக்கும் கொள்ளளவு பழைய ஆவணத்தில் இருந்து வந்ததாகத்தான் இருக்கும். மழைமானி தாலுகா ஊரில் இருக்கிறது, உங்கள் நீர்ப்பிடிப்பு மலையடிவாரத்தில். நம் பக்கத்துக் கோடை மழை மலைக்கு இந்தப் பக்கம் கொட்டிவிட்டு அந்தப் பக்கம் காயப்போடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் பதிவான மழையை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கி, அந்தப் பெருக்கெண்ணையும் ஒரு உள்ளீடாகச் சேருங்கள். அப்போது 25 ஆகும், ஆனால் கணக்கு எளிதாக இருக்க நான் 24 என்றே தொடர்கிறேன்.

வெளியீட்டையும் தீர்மானியுங்கள். வருடம் முழுக்க வந்த நீர், ஒரு பெருமழையில் வந்த உச்ச வரத்து, சித்திரையில் ஏரியில் மிச்சம் இருக்கும் நீர், இந்த மூன்றுக்கும் மூன்று வரிசை வரும். முதலாவதில் கர்வ் நம்பர் பேசும், இரண்டாவதில் வரத்துக் கால்வாயின் சரிவும் சொரசொரப்பும் நுழையும், மூன்றாவதில் கசிவு வந்து உட்காரும் என்று எதிர்பார்க்கிறேன். மூன்றையும் ஒரே ரன்னில் சேமித்துக்கொள்ளலாம், கூடுதல் செலவு இல்லை.

இனி முறை. உங்கள் நிலைமைக்கு முதல் படி மோரிஸ் முறை. மேக்ஸ் மோரிஸ் 1991-இல் வெளியிட்டது. செய்வது இதுதான்: பெட்டிக்குள் எங்காவது ஒரு புள்ளியைக் குருட்டாம்போக்கில் எடுத்து ஒரு ரன். அங்கிருந்து ஒரு உள்ளீட்டை மட்டும் நகர்த்தி ஒரு ரன். நகர்த்தியதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த உள்ளீட்டை நகர்த்தி இன்னொரு ரன். 24-ம் முடிந்தால் 25 ரன், ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஒரு விளைவு கிடைத்துவிடும். பிறகு வேறொரு இடத்திலிருந்து மறுபடியும் தொடங்குங்கள். இப்படி 10 பாதை நடந்தால் 250 ரன், உங்கள் லேப்டாப்பில் 1000 நிமிடம், 17 மணி நேரத்துக்குள் முடியும். ஒவ்வொன்றாக மாற்றுவதுதான் இங்கேயும், ஆனால் பத்து வெவ்வேறு இடங்களில் நின்று.

இப்போது ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் பத்து விளைவுகள். குறியை விட்டுவிட்டு அவற்றின் சராசரியை எடுத்தால் அது மியூ ஸ்டார். குறியோடு எடுத்தால் ஓரிடத்தில் கூட்டலும் ஓரிடத்தில் கழித்தலுமாக வந்து ஒன்றையொன்று அழித்து, முக்கியமான உள்ளீடு பூஜ்ஜியமாகத் தெரியலாம். அதற்காகத்தான் கம்போலோங்கோவும் அவரோடு வேலை செய்தவர்களும் 2007-இல் இந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பத்து விளைவுகளின் திட்ட விலக்கம் சிக்மா. மியூ ஸ்டார் பெரியது, சிக்மா சிறியது என்றால் அந்த உள்ளீடு எங்கே நின்றாலும் ஒரே மாதிரி வேலை செய்கிறது. இரண்டும் பெரியது என்றால் விளைவு வளைகிறது அல்லது இடைவினை இருக்கிறது. இரண்டில் எது என்று மோரிஸ் சொல்லாது. இரண்டையும் அச்சுகளாக வைத்து ஒரு படம் போடுங்கள். பெரும்பாலும் ஐந்தாறு புள்ளிகள் தூரத்தில் தனியாக நிற்கும், மற்றவை மூலையில் குவிந்து கிடக்கும். எந்த இடத்தில் கோடு கிழிப்பது என்பதற்கு விதி கிடையாது, கண்ணும் அனுபவமும்தான். சந்தேகமானதை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளீடுகள் நூற்றுக்கணக்கில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி ஒரேயடியாக மாற்றிப் பார்ப்பது, விளைவு இருந்தால் மூட்டையை இரண்டாகப் பிரித்து எந்தப் பாதியில் இருக்கிறது என்று தேடுவது. பெட்டன்வில், கிளைனன் இருவரும் இந்த முறையில் ஒரு சூழலியல் மாதிரியின் 281 உள்ளீடுகளிலிருந்து 15-ஐப் பிரித்தெடுத்தார்கள், அதுவும் 281-ஐவிடக் குறைவான ரன்களில். ஆனால் ஒவ்வொரு உள்ளீடும் வெளியீட்டை எந்தப் பக்கம் தள்ளும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். உங்கள் 24-க்கு இது தேவையில்லை.

இரண்டாம் படி, எஞ்சிய ஐந்தாறு உள்ளீடுகளுக்கு எண்ணிக்கையாகப் பங்கு போடுவது. மாஸ்கோவைச் சேர்ந்த இல்யா சோபோல் கொடுத்த குறியீடுகள் இதற்கு. ரஷ்ய மொழியில் 1990, ஆங்கிலத்தில் 1993. எல்லா உள்ளீடுகளும் அவரவர் எல்லைக்குள் ஆடும்போது வெளியீடும் ஆடுகிறது. அந்த ஆட்டத்தின் அளவு வேரியன்ஸ், பள்ளிக் கணக்கில் விலக்க வர்க்கச் சராசரி என்று படித்தோமே, அதுதான். ஒரு உள்ளீட்டின் உண்மை மதிப்பு தெரிந்துவிட்டால் இந்த ஆட்டம் சராசரியாக எத்தனை பங்கு குறையும் என்பது முதல்நிலைக் குறியீடு. மற்ற எல்லாம் தெரிந்து இது ஒன்று மட்டும் தெரியாவிட்டால் எத்தனை பங்கு மிஞ்சும் என்பது மொத்தக் குறியீடு. உங்கள் கேள்விக்கு இந்த இரண்டும் நேரடிப் பதில்கள். எதை முதலில் அளப்பது என்பதற்கு முதல்நிலைக் குறியீட்டைப் பாருங்கள். எதைப் புத்தக மதிப்போடு விட்டுவிடலாம் என்பதற்கு மொத்தக் குறியீடு. அது பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால் அந்த உள்ளீட்டை எல்லைக்குள் எங்கே வைத்தாலும் கவலை இல்லை.

இரண்டையும் ஏன் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். இரண்டு உள்ளீடுகள், இரண்டும் மைனஸ் 1-க்கும் 1-க்கும் இடையில் எங்கும் சமமாக வரலாம், வெளியீடு இரண்டின் பெருக்கல். முதல்நிலைக் குறியீடு இரண்டுக்கும் பூஜ்ஜியம், மொத்தக் குறியீடு இரண்டுக்கும் 1. நடுப்புள்ளியில் நின்று ஒவ்வொன்றாக மாற்றியிருந்தால் இரண்டும் பயனற்றவை என்று தூக்கிப் போட்டிருப்பீர்கள்.

ஏன் நேராக இதற்கே போகாமல் மோரிஸ்? செலவுதான் காரணம். வழக்கமான கணக்கில் ஒரு அடிப்படை எண்ணை (பெட்டிக்குள் எடுக்கும் தொடக்கப் புள்ளிகளின் எண்ணிக்கை), உள்ளீடுகளின் எண்ணிக்கையோடு 2 சேர்த்துப் பெருக்க வேண்டும். அடிப்படை 1024 என்று வைத்தால், 24 உள்ளீட்டுக்கு 26,624 ரன், உங்கள் லேப்டாப்பில் 70 நாளுக்கு மேல். ஆறு உள்ளீட்டுக்கு 8,192 ரன், ஒரே நேரத்தில் நான்கு ரன் ஓட்டினால் ஆறு நாளுக்குள் முடிந்துவிடும். பைத்தானில் சாலிப், ஆர் மொழியில் சென்சிடிவிட்டி என்ற தொகுப்பு, இரண்டும் இலவசம், மோரிஸும் சோபோலும் இரண்டிலும் உண்டு.

ஆறு நாளும் இல்லை என்றால் மாதிரிக்கே ஒரு மாதிரி செய்யலாம். 1979-இல் மெக்கே, பெக்மன், கோனோவர் கொடுத்த லத்தீன் ஹைப்பர்கியூப் முறையில், பெட்டி முழுக்கச் சீராகப் பரவிய 60 முதல் 100 புள்ளிகளில் ரன் எடுங்கள். அந்தப் புள்ளிகளின் வழியே காஸியன் பிராசஸ் என்ற ஒரு மென்மையான பரப்பைப் பொருத்தி, அதன்மேல் சோபோல் கணக்கை ஓட்டினால் நொடிகளில் வரும். இதன் பழைய பெயர் கிரிகிங். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் துளைத்து எடுத்த பாறைத் துண்டுகளை வைத்து, இடையில் தங்கம் எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட டேனி கிரிக் 1951-இல் தொடங்கிய வேலை அது. கோலார் தங்கவயலில் இறங்கி வேலை செய்த குடும்பங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் இருக்கின்றன. சுரங்கத்துக்காகப் பிறந்த கணக்கு இன்று பிரேக் டிஸ்குக்கும் ஏரிக்கும் உதவுவதை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். ஒரே கவனம்: பரப்பைப் பொருத்தும்போது பயன்படுத்தாத 20 புள்ளிகளில் அது சரியாகச் சொல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

சோபோல் கணக்கில் ஒரு போலி உள்ளீட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதிரியில் எங்கும் பயன்படாத ஒரு எண். கணக்கிடும் சூத்திரத்தைப் பொறுத்து அதற்கும் 0.03, 0.04 என்று ஏதாவது வரலாம். அது வெறும் இரைச்சல். அதற்குக் கீழே இருக்கும் உண்மையான உள்ளீடுகளைப் பற்றி, அந்த ரன் எண்ணிக்கையில், எதுவும் சொல்ல முடியாது. கிடைத்த ரன்களிலிருந்தே மறுபடி மறுபடி எடுத்துக் கணக்கிடும் பூட்ஸ்ட்ராப் முறையில் நம்பிக்கை இடைவெளியும், அதாவது குறியீடு எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்பதையும், போடுங்கள். இரண்டு உள்ளீடுகளின் இடைவெளிகள் நன்றாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருந்தால் அவற்றில் எது இரண்டாம் இடம், எது மூன்றாம் இடம் என்று ஆய்வேட்டில் எழுதாதீர்கள்.

இதுவரை சொன்னதில் உறுதியானவை, உறுதியில்லாதவை எவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே புள்ளியில் நின்று ஒவ்வொன்றாக மாற்றுவது போதாது என்பது உறுதி. எல்லை மாறினால் வரிசை மாறும் என்பதும் உறுதி. 10 பாதை போதுமா, 1024 போதுமா என்பது உறுதியில்லை. இருமடங்காக்கிப் பார்த்து வரிசை நிற்கிறதா என்றுதான் தெரிந்துகொள்ள முடியும். உள்ளீடுகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தால் சிக்கல் பெரியது. மண்ணில் மணல் கூடினால் ஈரம் பிடிக்கும் திறன் குறையும், ஆனால் மேலே சொன்ன கணக்குகள் இரண்டையும் தனித்தனியாக ஆட்டி, இயற்கையில் இல்லாத மண்ணையெல்லாம் உருவாக்கும். முடிந்தால் மணல் அளவை மட்டும் உள்ளீடாக வைத்து, ஈரத்திறனை அதிலிருந்து கணக்கிடுங்கள். முடியாதபோது, சார்ந்திருக்கும் உள்ளீடுகளுக்கும் வேரியன்ஸைப் பங்கு போட்டுத் தரும் ஷாப்லி விளைவுகள் என்ற வழி இருக்கிறது, ஆர்ட் ஓவன் 2014-இல் முன்வைத்தது, ஆனால் ரன் எண்ணிக்கை எகிறும். அப்புறம், உச்ச வரத்து போன்ற வெளியீட்டில் ஒன்றிரண்டு பெருவெள்ளங்களே வேரியன்ஸ் முழுவதையும் தீர்மானித்துவிடும். அங்கே மடக்கை எடுத்தும் ஒருமுறை செய்து, இரண்டு முடிவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை உங்கள் ஆய்வேட்டில் ஒரு பத்தியாகவே எழுத வேண்டும் என்பது என் ஆசை. இந்த முறைகள் மாதிரியைப் பற்றித்தான் பேசுகின்றன, ஏரியைப் பற்றி அல்ல. வரத்துக் கால்வாயைச் சீமைக்கருவேலம் அடைத்திருப்பது உங்கள் மாதிரியில் உள்ளீடாகவே இல்லை என்றால் எந்தக் குறியீடும் அதைக் கண்டுபிடிக்காது. மதகு பெரியவரிடம் பேசும்போது, மாதிரியில் இல்லாத எதைச் சொல்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மற்ற ஏரிகளுக்கு இந்த வரிசை பொருந்துமா என்று உங்கள் வழிகாட்டி கேட்டதற்குப் பதில், அப்படியே பொருந்தாது. அரூர் பக்கம் ஒரு ஏரியை எடுத்தால் மண் வேறு, மழை வேறு, வண்டல் வேறு, ஆகவே எல்லைகள் வேறு. பாலக்கோட்டில் தள்ளிவிட்ட உள்ளீடு அங்கே மேலே வரலாம். சோபோலை மறுபடி செய்ய நேரம் இல்லாவிட்டாலும் புதிய எல்லைகளோடு மோரிஸ் 250 ரன்னை மட்டுமாவது ஓட்டிவிடுங்கள். நான்கு நான்காக ஓட்டினால் நாலேகால் மணி நேரம், இரவு போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் படம் தயாராக இருக்கும்.